150.4 எப்படி 15.0 ஆனது?

இரத்தோட்டைக்கு மேலே ஒரு சரிவில் தானியங்கி மழைமானி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடந்த 24 மணித்தியாலத்தில் பெய்த மழை 150.4 மில்லிமீற்றர் என்று அதன் பதிவுக்கருவியின் திரை காட்டுகிறது. அதிலிருந்து இறங்கும் கம்பி, கீழே அறைக்குள் இருக்கும் லினக்ஸ் கணினியின் பின்பக்கத்தில் செருகப்பட்டிருக்கிறது. கணினியில் ஓடும் சி மொழி நிரல் அந்த எண்ணை வாசித்துக் கோப்பில் எழுதுகிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கே இருப்பது 15.0.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நிரல் இடையில் நிற்கவில்லை. கம்பியும் கழன்றிருக்கவில்லை. இதே நிரலை இதே பதிவுக்கருவியோடு மாத்தளை நகரில் மேசைமேல் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. மலைக்குப் போனதும் ஒரு இலக்கம் காணாமற் போய்விட்டது. போனது எங்கே?

கேள்வி கணினிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவையே முதன்மையான அடையாளமாகக் கொள்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறியே ஆக வேண்டும். 150.4 என்பது லயத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய அளவு. 15.0 என்பது சாதாரண ஒரு மழைநாள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய மலைநாட்டைச் சிதைத்ததைக் கண்ட மாத்தளைக்காரர் யாருக்கும் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தை விளக்கத் தேவையில்லை.

ஆகவே அந்த இலக்கத்தைத் தேடிப் போவோம். வாளியில் இருந்து தொடங்கலாம்.

தோட்டங்களில் மழையை அளப்பது புதிதல்ல. காரியாலயத்துக்கு முன்னால் நட்டு வைத்த உருளையில் சேர்ந்த நீரைக் காலையில் அளந்து பேரேட்டில் எழுதும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. இலங்கையில் மழைநாள் என்பது காலை 8.30க்கு முடிவது. தானியங்கி மழைமானியில் அந்த உருளைக்குள் சிறிய இரட்டை வாளி ஒன்று அச்சில் ஆடும். ஒரு பக்கம் 0.2 மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் நிரம்பியதும் அது கவிழும், மறுபக்கம் நீரை ஏந்த வரும். கவிழும் ஒவ்வொரு முறையும் வாளியில் ஒட்டிய காந்தம் ஒரு சிறு ஆளியை மூடித் திறக்கும். 752 தடவை கவிழ்ந்தால் 150.4 மில்லிமீற்றர். மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது வாளி கவிழ்ந்துகொண்டிருக்கும் கணத்தில் விழும் நீரில் கொஞ்சம் கணக்கில் வராமற் போகும் என்பது தெரிந்த குறைதான். அதற்குத் திருத்தம் செய்ய வழியுண்டு. நம் இலக்கம் அங்கே தொலையவில்லை. பதிவுக்கருவியின் திரையில் 150.4 சரியாகவே இருந்தது.

எனவே அது தொலைந்தது கம்பியிலா, கணினியிலா?

பதிவுக்கருவி அனுப்பும் வரி மிக எளியது என்று கொள்வோம். முதலில் நிலையத்தின் நான்கு இலக்க எண், பின் ஒரு காற்புள்ளி, பின் மழையளவு. தசமப் புள்ளியைத் தவிர்க்க மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கில் அளவைச் சொல்வது வழக்கம். ஆகவே 150.4 என்பது 1504 ஆகப் போகும். முழு வரி 0731,1504. அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள்: வரித் தொடக்கத்துக்குத் திரும்பு என்பது ஒன்று, அடுத்த வரிக்கு இறங்கு என்பது மற்றது. மொத்தம் 11 எழுத்துகள், அதாவது 11 பைற்றுகள்.

கம்பியில் எழுத்துகள் போவதில்லை, மின்னழுத்தம்தான் போகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் ஒப்புக்கொண்ட ஒரு எண் உண்டு. '1' என்ற எழுத்துக்கு 49. அதை இரண்டின் அடியில் எழுதினால் எட்டுப் பிற்றுகள் கிடைக்கும். 1960இல் வந்த ஆர்எஸ்-232 என்ற நியமத்தின்படி, கம்பியில் எதிர் அழுத்தம் இருந்தால் அது 1, நேர் அழுத்தம் இருந்தால் 0. பிற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகப் போவதால் இதைத் தொடர் தொடர்பாடல் என்றும், கணினியில் அதற்குரிய செருகுமிடத்தைத் தொடர் வாயில் என்றும் சொல்லலாம். கடைத்தெருவில் கேட்டால் சீரியல் போர்ட்.

இங்கே ஒரு அழகான சிக்கல் இருக்கிறது. போகவும் வரவும் பொதுவுக்குமாக மூன்று கம்பிகள் இருந்தால் போதும். 'இப்போது பார், இப்போது பார்' என்று நேரம் சொல்லும் கம்பி எதுவும் இல்லை. பத்து 1கள் தொடர்ந்து வந்தால் அழுத்தம் மாறாமல் அப்படியே நிற்கும். வந்தது ஒன்றா பத்தா என்று பெறுபவர் எப்படி அறிவார்? இரு பக்கமும் முன்கூட்டியே வேகத்தைப் பேசி வைத்துக்கொள்வதுதான் விடை. நொடிக்கு 9600 பிற்று என்று பேசியிருந்தால் ஒரு பிற்று ஏறத்தாழ 104 மைக்ரோ நொடி நீடிக்கும். பேச்சு இல்லாத நேரத்தில் கம்பி 1 நிலையில் கிடக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 0 வரும். இது தொடக்கப் பிற்று. கம்பி 1இலிருந்து 0க்கு மாறிய அந்தக் கணத்தில் பெறும் சில்லு தன் கடிகாரத்தைத் தொடங்கி, ஒவ்வொரு பிற்றின் நடுப்பகுதியிலும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்கிறது. எட்டும் முடிந்தபின் ஒரு 1 வர வேண்டும்; இது நிறுத்தப் பிற்று. ஆக எழுத்தொன்றுக்குப் பத்துப் பிற்று, நொடிக்கு 960 எழுத்து.

கடிகாரம் ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாகத் தொடங்குவதால், இரு பக்கக் கடிகாரங்களும் பத்தாவது பிற்று வரை மட்டும் ஒத்துப்போனால் போதும். அதற்குள் அரைப் பிற்று அளவுக்கு விலகாமல் இருக்க வேண்டும், அதாவது இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 5 சதவீதம். மலிவான படிகக் கடிகாரம்கூட இதைவிடப் பன்மடங்கு துல்லியமானது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த முறை ஓய்வு பெறாமல் உழைப்பதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அலைகாட்டியின் முனையைக் கம்பியில் வைத்தால் இவையெல்லாம் கண்ணால் காணக்கூடியவை: மேடும் பள்ளமுமாக ஓடும் கோட்டில் தொடக்கப் பிற்றிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் 49ஐத் திரையிலேயே வாசிக்கலாம். நம் வரிக்கு அப்படி எண்ணிப் பார்த்தால் 11 எழுத்துகளும் குறையில்லாமல் கணினியின் வாசல்வரை வந்திருக்கும். வேகம் பொருந்தாமல் இருந்திருந்தால் ஒரு இலக்கம் மட்டும் குறையாது. வரி முழுவதும் விளங்காத குறிகளாகச் சிதறியிருக்கும். கம்பி குற்றவாளி அல்ல.

இனிக் கணினிக்குள் போக வேண்டும். இங்கேதான் பொருள் கனக்கிறது.

யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்களில், லினக்ஸ் உட்பட, தொடர் வாயிலும் ஒரு கோப்பாகவே தோற்றம் தரும். சி நிரல் அதை ஓப்பன் என்று திறக்கும், ரீட் என்று வாசிக்கும், ரைட் என்று எழுதும், குளோஸ் என்று மூடும். கடிதத்தைச் சேமித்த கோப்புக்கும் மழைமானிக்கும் ஒரே நான்கு சொற்கள். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் தொடங்கி வைத்த இந்த எளிமை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. ஆனால் அன்று அவர்களுடைய கணினியின் தொடர் கம்பியின் மறுமுனையில் இருந்தது மழைமானி அல்ல. தட்டச்சு செய்யும் மனிதர் ஒருவர், டெலிடைப் 33 என்ற கனத்த தொலைத்தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நொடிக்குப் பத்து எழுத்து. தவறு செய்வார், அழிப்பார், நடுவில் மனம் மாறி 'நிறுத்து' என்பார்.

அந்த மனிதருக்கு உதவவென்று இயங்குதளத்தின் கருவில் ஒரு பகுதியை எழுதி வைத்தார்கள். வரி ஒழுங்கி என்று அதற்குப் பெயர் வைப்போம். தோட்டத்தில் பிரட்டுக்களத்துக்கும் துரையின் மேசைக்கும் நடுவே கணக்கப்பிள்ளை இருப்பதைப் போல, கம்பிக்கும் நிரலுக்கும் நடுவே அது இருக்கிறது. மலையில் ஆட்கள் சொல்வது எதுவும் நேரே துரையின் காதுக்குப் போவதில்லை. கணக்கப்பிள்ளை கேட்டுக்கொள்வார், சொன்னவர் திருத்திச் சொன்னால் பழையதை அடித்துவிடுவார், 'இப்படித்தானே?' என்று திருப்பிச் சொல்லிக் காட்டுவார். ஒரு வரி முழுமையான பிறகே மேசைக்கு எடுத்துப் போவார். 'வேலையை நிறுத்து' என்று குரல் வந்தால் அதைப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே நிறுத்துவார். எல்லாம் நல்ல மனத்தோடு செய்வது. மறுமுனையில் பேசுவது மனிதர் என்றால் இவ்வளவும் தேவையான உதவி.

மறுமுனையில் இயந்திரம் இருந்தால்? இன்றும் லினக்ஸில் ஒரு தொடர் வாயிலை எதையும் மாற்றாமல் திறந்தால், கணக்கப்பிள்ளை இந்தப் பழக்கங்கள் அத்தனையோடும் உட்கார்ந்திருப்பார். பதிவுக்கருவி சொன்னதை அதனிடமே திருப்பிச் சொல்வார். அதைத் தனக்கு வந்த கட்டளை என்று நினைக்கும் கருவி 'புரியவில்லை' என்று பதில் அனுப்பும்; அதையும் இவர் திருப்பிச் சொல்வார்; இரண்டு பேரும் விடியும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். 'தொடக்கத்துக்குத் திரும்பு' என்ற குறியை 'அடுத்த வரி' என்று மாற்றிவிடுவார். அதனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் வெற்று வரி ஒன்று முளைக்கும். 3 என்ற மதிப்புள்ள பைற்று வந்தால் ('3' என்ற எழுத்து அல்ல), அதை எண்ணாகக் கொள்ளமாட்டார். விசைப்பலகையில் கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் உண்டாவது 3. ஆகவே அது அவருக்கு 'நிரலை நிறுத்து' என்ற குரல்.

இந்த 3 சில்லறை விடயமல்ல. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மொட்பஸ் என்ற நெறிமுறையை 1979இல் மொடிகொன் நிறுவனம் வகுத்தது. இன்றைக்கும் மின்மானிகள், நீர்மட்டமானிகள் எனப் பலவும் அதில் பேசுகின்றன. அதில் மிக அதிகமாகப் பயன்படும் கட்டளை, 'உன் பதிவேட்டில் உள்ள அளவைச் சொல்' என்பது. அந்தக் கட்டளையின் எண் 3. கேட்ட கருவி தன் பதிலிலும் அதே 3ஐத் திருப்பி அனுப்பும். அதாவது, மாற்றாமல் திறந்த வாயில் வழியாக மொட்பஸ் பேசினால், ஒவ்வொரு சரியான பதிலும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு நிறுத்தக் குரல். அதைவிட நுட்பமானது 19. டெலிடைப் இயந்திரத்தில் காகித நாடா வாசிப்பானை நிறுத்தும் குறியாக இருந்தது 19. மீண்டும் ஓடவிடும் குறி 17. எண்களை எழுத்தாக அன்றி நேரே பைற்றாக அனுப்பும் ஒரு கருவி, 'இந்த நிமிடத்தில் 19 தடவை வாளி கவிழ்ந்தது' என்று சொன்னால், கணக்கப்பிள்ளை அந்த 19ஐ விழுங்கிவிட்டு நிரல் அனுப்பும் எதையும் வெளியே விடாமல் நிறுத்திவிடுவார். 18க்கு இந்த நிறுத்தம் வராது. 20க்கும் வராது. மழை சரியாக 19க்கு வரும் நிமிடத்தில் மட்டும் நிலையம் ஊமையாகும். இப்படிப்பட்ட பிழையைத் தேடுபவர், மழைமானியில் ஈரம் புகுந்ததா, மின்னல் தாக்கியதா என்றெல்லாம் பார்த்துக் களைத்துப்போவார்.

இந்தப் பழக்கங்களை நிறுத்தும் வழி 1988ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமத்திலிருந்து எல்லா யுனிக்ஸ்களுக்கும் பொதுவானது. டெர்மியோஸ் என்ற ஒரு கட்டமைப்பில் கணக்கப்பிள்ளையின் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு ஆளி இருக்கிறது. இப்போதுள்ள அமைப்பை முதலில் வாங்கி, வேண்டியதை மாற்றி, திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லா ஆளிகளையும் ஒரேயடியாக அணைத்து, வந்த பைற்றை வந்தபடியே தரச் சொல்வதைக் கச்சா நிலை என்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை: கேட்ட மாற்றங்களில் ஒன்றே ஒன்று நிறைவேறினாலும் 'சரி' என்று பதில் வர நியமம் இடமளிக்கிறது. ஆகவே கொடுத்த பின் மறுபடி வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கேட்டதெல்லாம் நடந்ததா என்று தெரியும்.

நம் நிரலை எழுதியவர் இதையெல்லாம் அறிந்தவர். கச்சா நிலையில்தான் வாயிலைத் திறந்திருந்தார். அதுதான் விடயமே. கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியபோது அவருடைய ஒரு நல்ல பழக்கமும் கூடவே போய்விட்டது. வரி முழுமையாகும்வரை காத்திருக்க இனி யாரும் இல்லை.

ரீட் என்ற அழைப்பைப் பற்றிப் பலரும் நினைப்பது, 'பதிவுக்கருவி அனுப்பியதைக் கொடு' என்பதே அதன் பொருள் என்று. கச்சா நிலையில் அதன் பொருள் 'இந்தக் கணத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கொடு' என்பது மட்டுமே. வழமையான அமைப்பில் ஒரே ஒரு பைற்று வந்திருந்தாலும் அது திரும்பிவிடலாம். 9600 வேகத்தில் ஒரு எழுத்து வந்து சேர ஏறத்தாழ ஒரு மில்லி நொடி எடுக்கும். நொடிக்கு நூறு கோடித் துடிப்புள்ள செயலிக்கு அது பத்து இலட்சம் துடிப்பு நேரம். இரண்டு இலக்கங்களுக்கு நடுவே நிரல் விழித்து, வாசித்து, கணக்குப் பார்த்து, கோப்பில் எழுதி, மறுபடி தூங்கியும் விடலாம்.

எத்தனை எழுத்துக்கு ஒருமுறை அது விழிக்கும் என்பதைச் சில்லு தீர்மானிக்கிறது. பழைய கணினிகளிலும் தொழிற்துறைக் கணினிகளிலும் இருக்கும் 16550 வகைச் சில்லுக்குள் 16 பைற்று கொள்ளும் சிறிய இடையகம் ஒன்று உண்டு. எழுத்துக்கு ஒருமுறை செயலியைத் தொந்தரவு செய்யாமல், கொஞ்சம் சேர்ந்ததும் தட்டி எழுப்பும். லினக்ஸ் அதை வழமையாக 8 பைற்றுக்கு அமைக்கிறது. எட்டுக்குக் குறைவாக வந்து நான்கு எழுத்து நேரம் அமைதி நிலவினால் மிச்சத்தையும் கொடுத்துவிடும்.

இப்போது நம் வரியை எண்ணிப் பாருங்கள். 0, 7, 3, 1, காற்புள்ளி, 1, 5, 0. எட்டு முடிந்தது. சில்லு தட்டுகிறது, நிரல் விழிக்கிறது, கையில் கிடைப்பது 0731,150. காற்புள்ளிக்குப் பின்னுள்ள 150ஐ எடுத்து மில்லிமீற்றராக்கி 15.0 என்று எழுதுகிறது. சில மில்லி நொடி கழித்து 4ம் இரண்டு வரிக்குறிகளும் வந்து சேரும். அதில் காற்புள்ளி இல்லை. 'ஏதோ இரைச்சல்' என்று நிரல் அதை எறிந்துவிடுகிறது. காணாமற்போன இலக்கம் அங்கே, எறியப்பட்ட அந்தத் துண்டில் இருக்கிறது.

மேசையில் ஏன் இது நடக்கவில்லை? அங்கே இருந்தது மடிக்கணினி; பெரும்பாலான மடிக்கணினிகளில் இப்போது தொடர் வாயில் கிடையாது. யுஎஸ்பி மாற்றி ஒன்றின் வழியாகத்தான் இணைக்க வேண்டும். மேசையில் கம்பி குட்டை. வேகத்தை 1,15,200 என்று வைத்திருந்தார்கள். அந்த வேகத்தில் 11 எழுத்தும் ஒரு மில்லி நொடிக்குள் வந்து முடிந்துவிடும். எஃப்டிடிஐ வகை மாற்றிகள் வந்ததைச் சேர்த்து வைத்து வழமையாக 16 மில்லி நொடிக்கு ஒருமுறை கணினிக்கு அனுப்புகின்றன. ஆகவே வரி பெரும்பாலும் முழுசாகவே கிடைத்தது. மலையில் மழைமானிக்கும் அறைக்கும் தூரம் அதிகம், நீண்ட கம்பியில் அலை மழுங்கும் என்பதால் வேகத்தை 9600க்கு இறக்கினார்கள், கணினியும் மாறியது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதுவரை அது சரியாக ஓடியது வேகத்தின் தயவில்.

இதை ஊகமாக விட்டுவிடத் தேவையில்லை, பார்த்தே உறுதி செய்யலாம். எஸ்ட்ரேஸ் என்ற கருவி ஓடிக்கொண்டிருக்கும் நிரல் கருவிடம் கேட்பதையும் பெறுவதையும் வரி வரியாகக் காட்டும். அதைப் பூட்டிவிட்டுப் பார்த்தால், ரீட் திரும்பியபோது 8 பைற்று, உள்ளே 0731,150. அடுத்த ரீட், 3 பைற்று. துண்டான இடம் கண்முன்னே தெரியும்.

இந்தப் பிழையை நான் மிகவும் அஞ்சுவதற்குக் காரணம், ஒரு எண்ணின் துண்டும் ஒரு எண்ணாகவே இருக்கிறது. பெயர் துண்டானால் பார்த்தவுடன் தெரியும். 'மாத்த' என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 1504 துண்டானால் 150 வரும், 15 வரும், 1 வரும். ஒவ்வொன்றும் நம்பத்தக்க மழையளவு. பார்ப்பவர் கண்ணில் உறுத்தாது. மேலும் அது எப்போதும் குறைத்தே சொல்லும். நான்கு இலக்க மழை என்பது 100 மில்லிமீற்றரை எட்டிய மழை. நிலைய எண்ணும் காற்புள்ளியும் ஐந்து பைற்று. எட்டுக்குள் மூன்று இலக்கத்துக்கு மட்டும் இடம். ஆகவே 99.9 வரை இந்த நிலையம் மாதக்கணக்கில் பிழையின்றி ஓடும். ஆபத்தான நாளில் மட்டும் பொய் சொல்லும்.

திருத்தம் கடினமானதல்ல. நிரல் தனக்கென ஒரு இடையகம் வைத்துக்கொண்டு, வந்த துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வரி முடிவுக் குறி வந்தபின்தான் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். குறிக்குப் பின்னால் ஏதாவது வந்திருந்தால் அது அடுத்த வரியின் தலை. அதை எறியாமல் வைத்திருக்க வேண்டும். நிரல் தொடங்கும்போது கருவி பாதி வரி பேசி முடித்திருக்கலாம் என்பதால், முதல் வரி முடிவுவரை வந்ததை நம்பாமல் விடுவது நல்லது. சிலர் குறுக்கு வழியாக, டெர்மியோஸில் உள்ள விமின் என்ற அமைப்பை 11 ஆக்கி, '11 பைற்று சேர்ந்த பின் கொடு' என்று கேட்பார்கள். மழையளவு மூன்று இலக்கமாகும் நாளில் வரியின் நீளம் 10. அடுத்த வரியின் முதல் எழுத்தையும் சேர்த்துக்கொண்டுதான் ரீட் திரும்பும்; அதன்பின் எல்லா வரியும் இடம்பெயர்ந்து வரும்.

இந்த இடத்தில் வழக்கமான பாடங்களோடு நான் உடன்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடர் வாயில் என்றாலே கச்சா நிலை என்று எழுதி வைக்கிறார்கள். மொட்பஸ் போலப் பைற்றாகப் பேசும் கருவிக்கு அது சரி. ஆனால் நம் பதிவுக்கருவி வரி வரியாக எழுத்தில் பேசுகிறது. கணக்கப்பிள்ளையை முழுவதும் அனுப்பிவிடத் தேவையில்லை. திருப்பிச் சொல்லாதே, 3ஐயும் 19ஐயும் குரலாகக் கொள்ளாதே, 'தொடக்கத்துக்குத் திரும்பு' குறியைத் தூக்கி எறி என்று மட்டும் சொல்லிவிட்டு, வரி முழுமையானபின் கொண்டுவரும் வேலையை அவரிடமே விடலாம். அப்போது ரீட் ஒரு வரிக்கு ஒருமுறைதான் திரும்பும். முப்பது வரி சி நிரலில் நாம் செய்ய முயல்வதைக் கரு பல பத்தாண்டுகளாகச் செய்து பழகியிருக்கிறது.

வரி முழுசாக வந்தாலும் உள்ளே ஒரு பிற்று புரண்டிருக்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாத்தளை மலைகளில் பிற்பகல் இடி முழங்கும்போது நீண்ட கம்பியில் என்னென்னவோ தூண்டப்படும். அதற்குத்தான் சரிபார்ப்புத் தொகை. வரியில் உள்ள எழுத்துகளின் எண்களையெல்லாம் கூட்டி, 256ஆல் வகுத்த மிச்சத்தை வரியின் கடைசியில் சேர்த்து அனுப்புவது மிக எளிய முறை. 0731,1504க்கு மொத்தம் 449, மிச்சம் 193. 0731,150க்கு மிச்சம் 141. பெறுபவர் தானும் கூட்டிப் பார்த்து ஒப்பிட்டால் துண்டும் பிடிபடும், புரண்ட பிற்றும் பிடிபடும். ஆனால் 1504 என்பது 1540 ஆக இடம் மாறினால் இந்தக் கூட்டல் ஏமாந்துவிடும். மொட்பஸ் போன்றவை இடத்தையும் கணக்கில் கொள்ளும் வலிமையான முறையைப் பயன்படுத்துவது அதனால்தான்.

கடைசியாக ஒன்று. கருவி எதுவுமே சொல்லாவிட்டால்? மின்கலம் தீர்ந்திருக்கலாம், மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கலாம். மேலே சொன்னபடி காத்திருக்கும் ரீட் அப்போது திரும்பவே திரும்பாது. கச்சா நிலையில் விடைம் என்ற அமைப்பின் மூலம் பத்திலொரு நொடிக் கணக்கில் நேர எல்லை வைக்கலாம். விமினை 0 ஆக்கி இதை வைத்தால், நேரம் முடிந்ததும் ரீட் '0 பைற்று' என்று திரும்பும். ஆனால் யுஎஸ்பி மாற்றியைப் பிடுங்கினாலும் ரீட் '0 பைற்று' என்றே திரும்பக்கூடும். இரண்டையும் பிரித்தறிய போல் என்ற அழைப்பு வேண்டும். அது நேரம் முடிந்ததைத் தனியாகவும் தொடர்பு அறுந்ததைத் தனியாகவும் சொல்லும். அதன்பின் நிரல் கோப்பில் என்ன எழுதுகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 0.0 என்று எழுதினால் மழை பெய்யவில்லை என்று பொருள். செய்தி வரவில்லை என்பது வேறு. அந்த மணிக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு, தொடர்பு இல்லை என்ற குறிப்பையும் நேரத்தையும் எழுதி, வாயிலை மூடித் திறந்து மீண்டும் முயல வேண்டும்.

இவ்வளவையும் மலைக்குப் போகாமலே சோதிக்கலாம். யுனிக்ஸில் போலி முனையம் என்ற ஒரு வசதி இருக்கிறது: இரண்டு முனையும் மென்பொருளிலேயே உள்ள ஒரு தொடர் வாயில். ஒரு முனையில் நம் நிரலை அமர்த்தி, மறுமுனையிலிருந்து மழைமானியாக நடிக்கும் சிறு நிரல் ஒன்றைக் கொண்டு வரியை அனுப்பலாம். 11 பைற்றுக்கு நடுவே 10 இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒருமுறை வெட்டி, நடுவே ஒரு நொடி தூங்கவிட்டு அனுப்பிப் பாருங்கள். பிறகு பைற்று பைற்றாக. பிறகு இரண்டு வரிகளை ஒட்டி ஒரே மூச்சில். பிறகு வரியின் பாதியில் முனையத்தை மூடிவிட்டு, கோப்பில் அந்த நேரத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.